உலக்கையும் தாம்பாளமும்: சித்தூர்–திருப்பதி வீடுகளில் கிரகணம் கற்பித்த வானியல்

2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாப் பொதுமுடக்கத்தால் பள்ளிகள் மூடப்பட்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அன்று முற்பகல் 10 மணிக்குப் பின் தொடங்கிய சூரிய கிரகணம் வட இந்தியாவில் கங்கணமாகவும் தெற்கே பகுதியாகவும் தெரிந்தது. அந்த நேரத்தில் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பல வீட்டு முற்றங்களில் ஒரே காட்சி அரங்கேறியது. ஒரு தாம்பாளத்தில் நீர். சில வீடுகளில் அந்நீரில் சிறிது மஞ்சள். நடுவே செங்குத்தாக நிறுத்திய உலக்கை. உலக்கை பிடிமானமின்றி நின்றால் கிரகணம் பிடித்திருக்கிறது, சாய்ந்தால் விட்டுவிட்டது. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் குழந்தைகள்.

இக்காட்சி ஒவ்வொரு கிரகணத்தின்போதும் செய்தியாகிறது. ஒவ்வொரு முறையும் படித்தவர்களின் எள்ளலுக்கும் ஆளாகிறது. எள்ளலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். அம்முற்றத்தில் ஒரு கருதுகோள் இருக்கிறது, கருவி இருக்கிறது, உற்றுநோக்கல் இருக்கிறது, கூடியிருந்து சரிபார்க்கும் சாட்சிகளும் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: மறுநாளும் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்ப்பது. அடிப்பகுதியில் தட்டையான இரும்புப் பூண் பொருத்திய உலக்கை, பொறுமையாக நிறுத்தினால், எந்த நாளிலும் நிற்கும். சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நிற்பதால் ஈர்ப்பு கூடுகிறது என்ற விளக்கமும் நிலைக்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்பது ஒவ்வோர் அமாவாசையிலும் நிகழ்வதுதான். அமாவாசைதோறும் யாரும் உலக்கையை நிறுத்துவதில்லை.

சூரியக் குடும்பத்தைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே, கையால் செய்து காட்டிக் கற்பிப்பது அண்மைக்காலக் கல்வியியலின் கண்டுபிடிப்பு என்று கருதப்படுகிறது. சித்தூர்–திருப்பதி வட்டாரத்தின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இங்கு வீடு பள்ளிக்கு முன்பே வானத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தது. எதைக் கற்பித்தது, எங்கே நிறுத்திக்கொண்டது என்பதே கேள்வி.

வட்டாரத்தின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதியின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட எல்லைகள் மாறினாலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில், புழங்குவது மாறவில்லை. கிரகணத்தைப் பொறுத்தவரை இன்னொரு தனித்தன்மையும் உண்டு. கிரகண நேரத்தில் திருமலைக் கோயிலின் நடை சாத்தப்படும். அங்கிருந்து சற்றேறக்குறைய 40 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் அதே நேரத்தில் நடை திறந்திருக்கும். சிறப்பு அபிஷேகமும் நடக்கும். ராகு–கேது வழிபாட்டுக்குரிய தலம் என்பதால் அந்த விதிவிலக்கு. ஒரே நிழல் ஓரிடத்தில் கதவை மூடுகிறது, மற்றோரிடத்தில் திறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் வளரும் குழந்தைக்கு ராகுவும் கேதுவும் பாடநூலுக்கு வெகு முன்னரே அறிமுகமானவர்கள்.

மொழியும் அக்குழந்தைக்கு ஒரு பாடம் நடத்துகிறது. தமிழில் கிரகணம் ‘பிடிக்கிறது’, ‘விடுகிறது’. தெலுங்கில் ‘பட்டிந்தி’, ‘விடிசிந்தி’. இரு மொழிகளின் வினைச்சொற்களிலும் பற்றும் ஒரு வாய் ஒளிந்திருக்கிறது. ‘கிரகணம்’, ‘கிரகம்’ ஆகிய இரண்டும் பற்றுதலைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. அதற்குரிய தமிழ்ச் சொல்லான ‘கோள்’ என்பதும் ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்ததே. கிரேக்கர் கோளை அலைந்து திரிவது என்று பெயரிட்டனர். இங்கு அது பற்றிக்கொள்வது. எனவே ‘கிரகம் என்பது சூரியனைச் சுற்றும் ஒரு பொருள்’ என்று ஆசிரியர் சொல்லும்போது, வீட்டில் ‘கிரகம் பிடித்தவன்’ என்று வசை கேட்டு வளர்ந்த குழந்தை இரண்டு அகராதிகளுக்கு நடுவே நிற்கிறது.

இச்சொற்களில் ஒன்று உண்மையிலேயே காயப்படுத்துவது. பிறவியிலேயே மேலுதடு பிளந்திருப்பதைத் தெலுங்கில் ‘கிரகணம் மொர்ரி’ என்பார்கள். கருவுற்ற பெண் கிரகணத்தைப் பார்த்தாள், அல்லது அந்நேரத்தில் எதையோ வெட்டினாள். அதனால் குழந்தைக்குப் பிளவு உண்டாயிற்று என்ற நம்பிக்கை நோயின் பெயராகவே உறைந்துவிட்டது. (இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் அஸ்டெக் மரபிலும் கிரகணம் என்பது நிலவைக் கடித்த வடு. அது கருவிலுள்ள குழந்தையின் வாயிலும் பதியும் என்று அஞ்சினர்.) மேலுதடு உருவாவது கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதிப்படாத காலம் அது. ஆயினும் நிறைமாதப் பெண் இருட்டறையில் அசையாமல் படுக்கவைக்கப்படுகிறாள். பிளவுடன் பிறந்த குழந்தை தன் முகத்துக்கு வழங்கும் பெயரிலேயே தாயின் மீதான குற்றச்சாட்டைச் சுமக்கிறது. கிரகணம் ஒரு நிழல் என்பதைக் கையால் செய்து கண்ட குழந்தைக்கும் காணாத குழந்தைக்கும் உள்ள வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிவதில்லை என்பதற்கு இச்சொல் ஒன்றே போதும்.

வீட்டுத் திண்ணையின் வானியல் அச்சத்தை மட்டுமே உற்பத்தி செய்தது என்று முடிவுகட்டுவதும் பிழை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக் கணக்கரைப் பற்றிய பதிவு உண்டு. அவர் எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடச் சொற்களாக நினைவிலிருந்து எடுத்து, 1825 மே 31–ஜூன் 1 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். பிற்காலத்தில் இக்கணிப்பை ஆராய்ந்த கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர், தொடக்க நேரத்தில் 4 நிமிடமும் நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாகக் குறித்தார். பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகக் கைமாறிய ஒரு முறைக்கு இது சிறிய வெற்றியன்று.

இங்கு கவனிக்க வேண்டியது சோழி. அக்கணக்கருக்கு ராகு ஓர் எண்; சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் புள்ளி. சித்தாந்த வானியலில் ராகுவின் பொருள் அதுவே. அவர் வீட்டுக்குள்ளேயே பாட்டிக்கும் பேரனுக்கும் ராகு ஒரு பாம்பாக இருந்திருப்பார். நிழற்கோள் என்று பொருள்படும் ‘சாயாகிரகம்’ என்ற சொல்லைச் சோதிடரும் சொல்கிறார், கணக்கரும் சொல்கிறார். அது எவ்வளவு துல்லியமான பெயர் என்பதைக் குழந்தைக்கு விளக்க இருவரும் முனையவில்லை. கணிதம் தொழில் இரகசியமாயிற்று. கதை மட்டும் பொதுச்சொத்தாயிற்று. இவ்வட்டாரக் கல்வி வரலாற்றின் முதன்மையான இழப்பு இதுதான். அறிவு இல்லாமல் போகவில்லை. அது திண்ணையிலிருந்து முற்றத்துக்கு இறங்கவில்லை.

இறக்க முயன்றவர்களில் முன்னோடி சிந்தாமணி ரகுநாதாசாரி. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய இவர் 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் முகாமிட்டு ஆராய்ந்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தபோது, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூல் ஒன்றை ஆங்கிலத்திலும் கன்னடம், உருது ஆகிய இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். மரபறிந்த பண்டிதரிடம் பேசுவதுபோன்ற உரையாடல் வடிவை அவர் தேர்ந்தது தற்செயலன்று. பஞ்சாங்கத்தைக் கைவிடும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை. வானில் காண்பதோடு பஞ்சாங்கத்தை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றார், அவ்வாறு திருத்திய பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். எள்ளலின்றி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நூலிலிருந்தே பாடத்தைத் தொடங்கியவர் அவர்.

அதன்பின் நூறாண்டுகளில் பள்ளிகள் பெருகின. பாடநூல்களில் சூரியக் குடும்பம் வண்ணப்படமாக வந்து சேர்ந்தது. ஆனால் 1980 பிப்ரவரி 16 அன்று நிகழ்ந்ததைப் பார்த்தால் அவ்வளர்ச்சியின் ஆழம் தெரியும். அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் பாதை கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியே சென்றது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ரங்காபூர் வானாய்வகத்தில் அறிவியலாளர்கள் கூடினர். நாட்டின் பெரும்பகுதியிலோ பிற்பகலில் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டுக்குள் இருத்தத் தூரதர்ஷன் திரைப்படம் ஒளிபரப்பியது. விழித்திரை பாதிக்கப்படும் என்ற அச்சம் நியாயமானதே. எப்படிப் பாதுகாப்பாகப் பார்ப்பது என்பதைச் சொல்லாமல் பார்க்காதே என்று மட்டும் சொன்னதில்தான் கோளாறு. கோயில் மரபும் அரசு அறிவியலும் அன்று குழந்தையிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லின: உள்ளே இரு.

அந்த வாக்கியத்தை மாற்றியதில் மக்கள் அறிவியல் இயக்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இலும் ஆந்திரத்தில் ஜன விஞ்ஞான வேதிகா 1988-இலும் தோன்றின. 1995 அக்டோபர் 24 கிரகணத்தின்போது வடிகட்டிக் கண்ணாடிகளுடன் மக்கள் வெளியே வந்தனர். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, திருச்சி வழியே கங்கண கிரகணம் சென்றபோது பள்ளி மாணவர் திரள்திரளாக மைதானங்களில் நின்றனர். இவ்வியக்கங்கள் பரப்பிய கருவிகளின் சிறப்பு அவற்றின் எளிமை. அட்டையில் குத்திய ஊசித்துளை சுவரில் பிறைச் சூரியனை வரையும். சிறு கண்ணாடித் துண்டைப் பந்தில் ஒட்டி வைத்தால் இருட்டறைச் சுவரில் பெரிய பிம்பம் விழும். புங்கமரத்தின் அடியில் இலையிடுக்குகள் எல்லாமே ஊசித்துளைகள். தரை முழுதும் நூற்றுக்கணக்கான பிறைகள். மஞ்சள் நீரில் தெரியும் சூரியனைக் குனிந்து பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் விலக்கத்தக்கது. அப்பிம்பமும் கண்ணுக்குத் தீங்கானதே.

ஆயினும் ஊசித்துளை ஒரு கேள்விக்கு விடை சொல்வதில்லை. குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி அது: சந்திரன் மாதந்தோறும் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வருகிறதே, மாதந்தோறும் கிரகணம் ஏன் வருவதில்லை? பாடநூலின் தட்டையான படம் இங்கே தோற்றுவிடுகிறது. விடை அதே முற்றத்தில், உலக்கைக்கு அடியில் கிடக்கும் தாம்பாளத்தில் இருக்கிறது. அகன்ற அண்டாவில் நீர் நிரப்பி, தாம்பாளத்தைச் சற்றே சாய்த்துப் பாதி மூழ்கும்படி பிடித்தால், அதன் விளிம்பு நீர்மட்டத்தை எதிரெதிரான இரண்டே இடங்களில் வெட்டும். நீர்மட்டம் பூமியின் சுற்றுப்பாதைத் தளம். தாம்பாள விளிம்பு அதற்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்த சந்திரனின் பாதை. விளிம்பின் பாதி நீருக்கு மேலே, பாதி கீழே. சந்திரன் வெட்டுப்புள்ளிகளில் ஒன்றை நெருங்கும் வேளையில் அமாவாசை வாய்த்தால் மட்டுமே அதன் நிழல் பூமியில் விழும். அவ்விரு புள்ளிகளில் ஒன்றின் பெயர் ராகு, மற்றொன்றின் பெயர் கேது. தாம்பாளத்தைச் சாய்வு மாறாமல் மெல்லச் சுழற்றினால் புள்ளிகள் நீர்மட்டத்தின் மீது நகரும். வானில் அவை பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்றை முடிக்க 18.6 ஆண்டுகள் ஆகின்றன.

இந்த எண்ணும் வீட்டுக்குப் புதிதன்று. ராகு–கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது இவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்தது. அவ்விரண்டும் ராசிகளைப் பின்னோக்கிக் கடக்கும் என்பதும் அறிந்ததே. 12 ராசிகளை ஒன்றரையால் பெருக்கினால் 18 ஆண்டுகள். குருப்பெயர்ச்சி ஆண்டுக்கொரு முறை, ஆகவே வியாழனின் சுற்று 12 ஆண்டுகள். தமிழில் ‘ஏழரைச் சனி’ என்றும் தெலுங்கில் ‘ஏலினாட்டி சனி’ என்றும் அஞ்சப்படுவது மூன்று ராசிகளைச் சனி கடக்கும் காலம். ராசிக்கு இரண்டரை ஆண்டு, முழுச்சுற்றுக்கு 30. இங்கிருந்து கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதிக்கு ஒரே ஓர் அடிதான். சுற்றுக்காலத்தின் இருபடி தொலைவின் முப்படிக்குச் சமம் (காலத்தை ஆண்டுகளிலும் தொலைவைப் பூமி–சூரியத் தொலைவின் மடங்குகளிலும் கொண்டால்). 12-இன் இருபடி 144, அதன் கனமூலம் 5.24. 30-இன் இருபடி 900, அதன் கனமூலம் 9.65. வானியலார் அளந்த மதிப்புகள் முறையே 5.20, 9.58. பாட்டி பரிகாரத்துக்காக நினைவில் வைத்திருக்கும் எண்களிலிருந்து பேத்தி வியாழனுக்கும் சனிக்கும் உள்ள தொலைவைக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிப் பாடத்திட்டத்தில் இப்படியொரு பயிற்சி இடம்பெறாதது வியப்பே.

அளவுகளைக் கையால் உணர்வதற்கும் இவ்வூரில் இடம் உண்டு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் வழியில் 3,550 படிகள் என்பது வழக்கமான கணக்கு. அடிவாரத்தில் சூரியனையும் கடைசிப் படியில் நெப்டியூனையும் வைத்தால், புதன் 46-ஆம் படியிலும் வெள்ளி 85-இலும் பூமி 118-இலும் செவ்வாய் 180-இலும் நிற்கும். அதன்பின் நெடுந்தூரம் ஒன்றுமில்லை. வியாழன் 614-ஆம் படியில், சனி 1,131-இல், யுரேனஸ் 2,265-இல். மூச்சு வாங்கும் குழந்தைக்கு வெட்டவெளியின் அகலத்தைப் படங்கள் சொல்லித்தர இயலாது, முழங்கால்கள் சொல்லும். அதே அலிபிரியில்தான் 1993 முதல் மண்டல அறிவியல் மையம் இயங்குகிறது.

பெயர்ச்சிகளை வைத்து வானியலைக் கற்பித்தால் சோதிடத்துக்கு அறிவியலின் முத்திரையைக் குத்திவிடுவோம் என்ற மறுப்பு உண்டு. அது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. சோதிட விளம்பரங்கள் ஏற்கெனவே அறிவியற் சொற்களைக் கடன் வாங்கித்தான் பேசுகின்றன. எனினும் சனி எங்கே இருக்கிறது என்பது அளவை. அது ஒருவரின் திருமணத்தை என்ன செய்யும் என்பது அளவையன்று. ஒரே பஞ்சாங்கப் பக்கத்தில் இவ்விரண்டும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கின்றன. பஞ்சாங்கத்தை வீட்டைவிட்டு விலக்கச் சொன்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பே குழந்தைக்குக் கிடைக்காது. இரவில் மாடிக்குச் சென்று, பஞ்சாங்கம் சொன்ன ராசியில் சனி உண்மையில் நிற்கிறதா என்று தேடிய குழந்தையே பக்கத்தின் மறுபாதியையும் சோதிக்கக் கேட்கும்.

கையால் கற்பதைக் கல்விமுறையாக்கிய ஒரு பரிசோதனை இதே மண்ணில் விளைந்ததையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், 1980-களின் பிற்பாதியிலிருந்து, சிற்றூர்ப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் வடிவமைக்கப்பட்டன. அம்முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் சென்றது. அதன் அடிக்கருத்து எளிது: குழந்தை தன் சுற்றுப்புறத்தில் கிடைப்பதைக் கொண்டு, தன் வேகத்தில் படியேறட்டும். வகுப்பறைக்குள் வந்த இக்கருத்து முற்றத்துக்குத் திரும்பிச் செல்லவில்லை. உலக்கை நிற்கும் முற்றத்தில் ஆசிரியர் இருப்பதில்லை. ஆசிரியர் இருக்கும் வகுப்பறையில் உலக்கை இருப்பதில்லை.

அடுத்த பெரிய வாய்ப்பின் தேதி தெரிந்ததே. 2031 மே 21, புதன்கிழமை. அன்று கங்கண கிரகணத்தின் பாதை கேரளம், தென் தமிழகம், வட இலங்கை வழியே செல்லும். சித்தூரிலும் திருப்பதியிலும் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். கோடை விடுமுறை. பள்ளிகள் மூடியிருக்கும், திருமலையில் நடை சாத்தப்படும், ஸ்ரீகாளஹஸ்தியில் கூட்டம் இருக்கும். 2020-இல் தாம்பாளத்தைச் சுற்றி நின்ற 5 வயதுக் குழந்தைக்கு அப்போது 16 வயது. மே 22 காலையில் அதே உலக்கையை மீண்டும் நிறுத்திப் பார்க்க அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.